மோரிப்பில் மணி, துருக்கியில் மாதம்



"துருக்கிக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிடுவது எப்படி?" என்பது இன்றைய தலைப்பு. தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. போர்ட் டிக்சனுக்குப் போவதற்கே டோல் கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் துருக்கி எதற்கு என்கிற சிரிப்பு அது. சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். யாராவது ஒருவர் துருக்கிக்குப் போய் வந்த படங்களைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் உடனே "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார். தவறு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டியது "எந்த மாதம் போனீர்கள்?" என்பது.

கிள்ளான்காரர்களுக்குக் கடல் புதிதில்லை. தோட்டத்து லாரியில் ஏறி மோரிப்புக்கும் போர்ட் டிக்சனுக்கும் போய், கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் தலையெல்லாம் மணலோடு திரும்பிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மோரிப்புக்குப் போவதென்றால் மணி பார்த்துத்தான் போக வேண்டும். இந்தக் கரையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். தப்பான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் கடல் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் சேறு.

துருக்கியின் தென்கரை இதற்கு நேர்மாறு. அங்கே மத்தியதரைக் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு முழம்கூடத் தேறாது. காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும் கடல் நிற்கும். மணி பார்க்க வேண்டியதே இல்லை. மாதம் பார்க்க வேண்டும். மலாக்கா நீரிணையில் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 29 டிகிரி. அந்தாலியா கரையில் ஆகஸ்டில் 28 டிகிரி இருக்கிற அதே தண்ணீர், பிப்ரவரியில் 17 டிகிரிக்கு இறங்கிவிடும். 17 என்பது வெறும் எண்ணாகத் தோன்றலாம். வீட்டில் குளிர்சாதனத்தை 17இல் வைத்துவிட்டு, ஈரத்துணியோடு அதன் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

இப்போது நம் வீட்டு நாள்காட்டியை எடுங்கள். பிள்ளைகள் உள்ள குடும்பம் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். 2022 முதல் சில ஆண்டுகளுக்கு நீண்ட விடுமுறை பிப்ரவரி, மார்ச் பக்கம் நகர்ந்திருந்தது. 2026ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை ஜனவரியிலேயே தொடங்கியதால் அது பழையபடி டிசம்பருக்கு வந்துவிட்டது. பயண நிறுவனங்களின் விளம்பரங்களும் அந்த மாதத்தைக் குறிவைத்துத்தான் வருகின்றன. விலையும் குறைவாக இருக்கும். ஏன் குறைவு? அந்தாலியாவில் அதிக மழை பெய்வது டிசம்பர், ஜனவரியில். கடற்கரை விடுதிகளில் பல, நவம்பரில் கதவைச் சாத்தினால் வசந்தகாலத்தில்தான் திறக்கும். உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை கரையில் ஏறிவிடும். விளம்பரத்தில் இருக்கும் நீலக் கடல் படம் ஜூலையில் எடுத்தது. உங்கள் பயணச் சீட்டோ டிசம்பருக்கு.

டிசம்பரில் போகவே கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். பனி பார்க்க வேண்டும், இஸ்தான்புல் மசூதிகளையும் பழைய இடிபாடுகளையும் கூட்டமில்லாமல் பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு அது நல்ல மாதம்தான். அந்தத் திட்டத்திலிருந்து கடலை மட்டும் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அங்கே போய் "குளிராக இருக்கிறது, இறங்காதே" என்று சொன்னால் அந்த ஏமாற்றம் பத்து வருடத்துக்கு வீட்டில் பேசப்படும்.

கடல்தான் வேண்டும் என்றால் கிள்ளான் குடும்பத்துக்கு நல்ல வாசல் ஆண்டு நடுவில் வரும் விடுமுறை. மே கடைசியும் ஜூன் தொடக்கமும். தண்ணீர் 22, 23 டிகிரிக்கு வந்திருக்கும். முதலில் கால் கூசும், பிறகு பழகிவிடும். வெயில் இதமாக இருக்கும், மழை குறைந்திருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துருக்கியில் நீண்ட விடுமுறை விடுவார்கள். அப்போது உள்நாட்டுக் குடும்பங்களே கடற்கரைக்குத் திரண்டு வரும், விடுதி விலை ஏறும். 2026இல் அந்தப் பெருநாள் மே 27. ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும்.

பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை போகலாம். அதைவிட நல்ல காலம் கிடையாது. கோடை முழுவதும் சூடேறிய தண்ணீர், கூட்டம் கலைந்த கரை. ஜூலை, ஆகஸ்டில் கடல் அருமையாக இருக்கும், ஆனால் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நிழலே இல்லாத இடிபாடுகளில் நடப்பது பெரியவர்களுக்கு ஆகாது. அந்த மாதங்களில் காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2021இல் மனவ்காத், மர்மாரிஸ் பகுதிகளில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது.

மாதம் முடிவாயிற்று. அடுத்து வரைபடம்.

கிள்ளானில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 68 வயதுப் பாட்டி. பாட்டிக்கு முழங்கால் வலி. "கால் பெருவிரல் தெரியிற மாதிரி தண்ணியாமே, அதுல ஒரு தடவ நிக்கணும்" என்பது பாட்டியின் ஆசை. மகன் ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார். 2024 மே 11 முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு கணக்கைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதில் கொஞ்சம் இருக்கிறது. மீதிக்குச் சீட்டுப் பணம். அதாவது, ஐந்து பேரும் சேர்ந்து செய்கிற இந்தப் பயணம் இன்னொரு முறை நடக்காது. மறுபடி காசு சேர்வதற்குள் பாட்டிக்கு வயது ஏறிவிடும்.

இந்தக் குடும்பத்தின் கையில் கிடைக்கிற விளம்பரத்தாளில் பெரும்பாலும் என்ன இருக்கும்? பத்து நாளில் இஸ்தான்புல், அங்காரா, கப்பதோக்கியா, கொன்யா, அந்தாலியா, பாமுக்கலே, குஷாதாசி, மறுபடி இஸ்தான்புல். ஊர்ப் பெயர்களைப் படிக்கும்போது வாய் இனிக்கும். தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். இஸ்தான்புல்லிலிருந்து கப்பதோக்கியா 700 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கொன்யா வழியாக அந்தாலியாவுக்கு 500க்கு மேல். அந்தாலியாவிலிருந்து பாமுக்கலேக்குச் சுமார் 240. பிறகு குஷாதாசி, பிறகு திரும்புகிற வழி. எல்லாம் சேர்த்தால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை சுமார் 770 கிலோமீட்டர். அதை இரண்டரை முறை பேருந்தில் போவதற்குச் சமம். பாட்டியின் முழங்கால் என்ன ஆகும்? கடலுக்குக் கிடைப்பது அந்தாலியாவில் ஓர் இரவு. இருட்டிய பிறகு விடுதிக்கு வந்து, விடிந்ததும் பெட்டியைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினால் பாட்டி எங்கே தண்ணீரில் நிற்பது? நடுவில் தோல் சட்டைக் கடை, கம்பளக் கடை என்று பல பயணங்களில் நிறுத்தங்களும் உண்டு.

சுற்றிப் பார்க்கும் பயணம் வேறு, கடற்கரைப் பயணம் வேறு. இரண்டையும் சேர்க்கலாம். ஆனால் ஒரே ஊரில் நான்கைந்து இரவு தங்கி, அங்கிருந்து போய்ப் போய்த் திரும்புவதாக இருந்தால்தான் சேர்க்க முடியும். இரண்டு இரவு இஸ்தான்புல், ஐந்து இரவு அந்தாலியா பக்கம் என்று வைத்தால் போதும். இஸ்தான்புல்லிலிருந்து அந்தாலியாவுக்கு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பேருந்தில் போனால் ஒரு நாள் போய்விடும். "கப்பதோக்கியா பலூனை விடுவதா?" என்று மருமகள் கேட்பார். விட வேண்டியதுதான். பலூன் கட்டணம் பெரும்பாலும் தனி, காற்று சரியில்லை என்றால் அன்றைக்குப் பறக்கவும் மாட்டார்கள். பலூன்தான் முக்கியம் என்றால் இஸ்தான்புல்லை விட்டுவிட்டு அதைச் சேர்க்கலாம். எல்லாம் வேண்டும் என்றால் கடைசியில் விழுவது கடல்தான்.

கரையிலும் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். அந்தாலியா நகரத்தின் கொன்யால்த்தி கரை பார்க்க அழகு, பின்னால் மலைகள் நிற்கும். ஆனால் அது கூழாங்கல் கரை, சீக்கிரம் ஆழமாகிவிடும். ரப்பர் காலணி இல்லாமல் பாட்டி அதில் கால் வைக்க முடியாது. விமான நிலையத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் லாரா மணல் கரை. கிழக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் சிதே. அங்கேயும் மணல்தான், பிள்ளைகளுக்குத் தோதாக ஆழம் மெல்ல மெல்லக் கூடும். சிதேயின் இன்னொரு வசதி, கடலும் இடிபாடும் ஒரே இடத்தில் இருப்பது. கடலோரத்தில் நிற்கும் அப்பல்லோ கோயில் தூண்களைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். மாலையில் நடந்து போய்வரலாம். பாட்டி இருக்கும் குடும்பத்துக்குச் சிதேதான் பொருத்தம். மேற்கே ஓலுதெனிஸ், காஷ் எல்லாம் படத்தில் இன்னும் அழகு. ஆனால் மலைப்பாதை, ஏற்ற இறக்கம். இளம் தம்பதியர் போகட்டும்.

சிதேயிலிருந்து அந்தாலியா போகும் சாலையை ஒட்டியே ஆஸ்பெந்தோஸ் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கம். இன்றும் மேடைச் சுவர் முழு உயரத்துக்கு நிற்கிறது. அதே சாலையில் பெர்கே. இரண்டையும் ஒரே நாளில் காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கிள்ளானில் வேதாகமம் படிக்கிற குடும்பங்களுக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாக இருக்காது. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் பெர்கேயில் பிரசங்கம் செய்துவிட்டுக் கப்பலேறிய அத்தலியா, இந்த அந்தாலியாதான். கப்பல் மாறிய மீறா, இன்றைய தெம்ரே. கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கோலாஸ் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த ஊரும் அதுவே. பாறையைக் குடைந்து செய்த கல்லறைகளைக் கீழே நின்றபடியே பார்க்கலாம், பாட்டி ஏற வேண்டியதில்லை. அங்கிருந்து கெக்கோவாவுக்குப் படகு போகும். நிலநடுக்கத்தில் இறங்கிப்போன பழைய ஊரின் சுவர்களும் படிக்கட்டுகளும் தண்ணீருக்குள் தெரியும். அந்தத் தண்ணீரின் தெளிவை நம் கிள்ளான் ஆற்றோடு ஒப்பிடாமல் இருப்பது நல்லது. சிதேயிலிருந்து தெம்ரே தூரம், ஒரு முழு நாள் ஆகும். அதற்கு அடுத்த நாள் கடற்கரையில் சும்மா இருக்கும் நாளாக இருக்கட்டும்.

எபேசு நகரமும், கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சேர்ந்து வணங்கப் போகும் மாதா வீடும் பார்க்க வேண்டும் என்பவர்கள் இந்தத் திட்டத்தில் அதைத் திணிக்கக் கூடாது. அவர்கள் இஸ்மீருக்கு விமானம் பிடித்துக் குஷாதாசியில் தங்குவதே சரி. அங்கேயும் கடல் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் நான்கு சொல் தெரிந்துகொண்டு போக வேண்டும். தாவுக் என்றால் கோழி. குசு என்றால் ஆட்டுக்குட்டி. பாலிக் என்றால் மீன். தனா என்றால் மாட்டுக்கன்று. கிள்ளானில் தனா என்று பெயருள்ள தம்பிகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே உணவுப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தள்ளி வைத்துவிட வேண்டும். கோஃப்தே எனும் உருண்டையிலும் பெரும்பாலும் மாடு கலந்திருக்கும். சைவக்காரர்களுக்குப் பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கறிகள், பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துச் சுடும் கோஸ்லெமே ரொட்டி எல்லாம் உண்டு. சூப் இறைச்சி வேகவைத்த தண்ணீரிலா செய்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருந்தால் பாட்டி சமாளித்துவிடுவார்.

காசு விஷயத்தில் பழைய கணக்கு உதவாது. உறவினர் 2019இல் போய் வந்து சொன்ன விலையைத் தூக்கி எறியுங்கள். 2005இல் லீராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை நீக்கிப் புது நோட்டு அடித்த நாடு அது. 2021க்குப் பிறகு மறுபடியும் லீரா சரிந்தது, 2022 அக்டோபரில் விலைவாசி ஓராண்டில் 85 விழுக்காடு உயர்ந்ததாக அரசே கணக்குச் சொன்னது. லீரா விழுந்தால் நமக்கு லாபம்தானே என்று நினைப்பார்கள். விடுதிக்காரர்களும் அருங்காட்சியகங்களும் அதற்குள் யூரோவுக்கு மாறிவிட்டார்கள். எபேசில் வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் 2024இல் 40 யூரோ. ஐந்து பேர் குடும்பத்தில் நுழைவுச் சீட்டே ஒரு பெரிய செலவு. எனவே பார்க்கும் இடங்களைக் குறையுங்கள், கடல் இலவசம்.

விமானத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து நேரடியாகப் போனால் சுமார் 11 மணி நேரம். ஆனால் இஸ்தான்புல்லில் இரண்டு விமான நிலையங்கள், ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றொன்று ஆசியக் கரையில். ஆசியக் கரையில் இருக்கும் சபிஹா கோக்சென் நிலையம் 2014இல் முழுவதுமாக நம் மலேசியா விமான நிலைய நிறுவனத்தின் கைக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதென்றால் அந்த மாநகரத்தையும் நடுவில் உள்ள நீரிணையையும் தாண்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படி இரண்டு தனிச் சீட்டு வாங்கிவிட்டு உள்நாட்டு விமானத்தைத் தவறவிட்டால் கேட்க ஆளில்லை. முடிந்தவரை கோலாலம்பூர் முதல் அந்தாலியா வரை ஒரே சீட்டாக வாங்குங்கள்.

இத்தனையையும் நாமே செய்ய வேண்டுமா, பயண நிறுவனத்திடம் விட்டால் என்ன என்று அரங்கில் ஓர் ஐயா கேட்டார். விடலாம். பாட்டியை அழைத்துக்கொண்டு மொழி தெரியாத ஊரில் அலைவதைவிட அது நிம்மதி. நல்ல நிறுவனங்கள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கின்றன. நான்கைந்து குடும்பம் சேர்ந்தால் தனியாகத் திட்டம் போட்டுத் தரவும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி அவர்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று சுற்றுலா, கலை, கலாச்சார அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். விடுதியின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். "நான்கு நட்சத்திரம் அல்லது அதற்கு நிகரானது" என்று எழுதியிருந்தால் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். தனிநபர் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இன்று இரவுக்குள் கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கட்டிவிட்டீர்களா? உடனே 997க்கு அழையுங்கள், மணிக்கணக்கில் யோசித்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும். சொன்னபடி சேவை தரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதும் விளம்பரத்தாளும் கையில் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும். அதனால் அந்தத் தாளைக் கீழே போடாதீர்கள்.

மலேசியர்களுக்குத் துருக்கியில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் கடப்பிதழில் போதிய காலம் மீதி இருக்க வேண்டும், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பிள்ளைகளுடையதையும் உங்களுடையதையும் பார்த்துவிட்டு, பாட்டியுடையதை மறந்துவிடுவார்கள். எப்போதோ தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய் வந்த பிறகு அலமாரியில் சேலைக்கு அடியில் போனது, அப்படியே இருக்கும். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் பாட்டியை அழைத்துக்கொண்டு குடிநுழைவுத் துறைக்குப் போய் வாருங்கள்.